ஓராண்டு ஒப்பந்தத்தில் சிங்கப்பூர்ப் பதிப்பக வேலை: என்ன தயார் செய்ய வேண்டும்?

கேள்வி: 6 செப்டம்பர் 2025

சிங்கப்பூரில் ஒரு கல்விப் பதிப்பகத்தில் ஓராண்டு ஒப்பந்தம். தமிழ்ப் பயிற்சிப் புத்தகங்களுக்கு மெய்ப்பு, பக்க வடிவமைப்பு. எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளருக்கான வேலை அனுமதி), மாதம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அக்டோபர் 1 சேர வேண்டும். சென்னையில் செய்யும் அதே வேலை, அதே தமிழ், ஆகவே வேலையைப் பற்றிக் கவலை இல்லை. வீடு, வரி, கையில் எவ்வளவு பணம், இவை பற்றி மட்டும் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில்: 6 செப்டம்பர், இரவு

முதலில் காகிதம். உங்கள் கையில் இருப்பது பாஸ் இல்லை. அது கொள்கையளவில் ஒப்புதல் கடிதம், எல்லாரும் ஐபிஏ என்பார்கள். எஸ் பாஸுக்கு அது 60 நாள்தான் செல்லும். அதற்குள் போய்ச் சேர்ந்து பாஸ் வழங்கப்பட்டுவிட வேண்டும். கடிதத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்: பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா, பணிப் பெயர் என்ன, நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு. நிறுவனம் அனுப்பிய வேலைக் கடிதத்தில் 3,300 என்றும் ஐபிஏயில் வேறு தொகையும் இருந்தால் விமானம் ஏறும் முன்பே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனை தேவையா என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.

3,300 என்பது 2025 செப்டம்பர் 1 முதல் புது எஸ் பாஸ் விண்ணப்பங்களுக்கு வந்த அடிமட்டம். வயது ஏற ஏற அந்த அடிமட்டமும் ஏறும், 45 வயதில் 4,800. நிறுவனம் உங்களுக்காக மாதம் 650 வெள்ளி தீர்வை கட்டுகிறது. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. மருத்துவக் காப்புறுதியும் அவர்கள் பொறுப்பு, ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. மசேநிதி, அதாவது மத்திய சேமநிதிப் பிடித்தம் வெளிநாட்டவருக்கு இல்லை, எனவே அந்த வகையில் சம்பளம் குறையாது.

விமானம் இறங்கும் முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

7 செப்டம்பர்

கைப்பணம். சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். அக்டோபர் 1 சேர்ந்தால் முதல் சம்பளம் நவம்பர் 7க்குள். ஆக 37 நாளுக்குப் பணம் வேண்டும். அதோடு அறைக்கு ஒரு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, முத்திரைத் தீர்வை. நான்காண்டுக்கு உட்பட்ட வாடகை ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை. மாதம் 1,000 என்று ஆறு மாதத்துக்கு எழுதினால் 6,000க்கு 24 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். வழக்கத்தில் அது வாடகைக்கு இருப்பவர் செலவு.

அறை அநேகமாக வீவக வீட்டில்தான் அமையும். வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அங்கே எல்லார் வாயிலும் எழுத்திலும் இந்தச் சுருக்கம்தான், இப்போதே பழகிக்கொள்ளுங்கள். வீவக அறையைக் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், தனியார் வீடென்றால் மூன்று மாதம். அறையை மட்டும் விடுபவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அவர் உங்கள் பெயரைக் கழகத்தில் பதிய வேண்டும். பதிந்தாரா என்று கழகத்தின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பதியாமல் "வந்து தங்குங்கள், பிறகு பார்ப்போம்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விளம்பரத்தில் சமையலுக்கு மூன்று நிலை உண்டு: சமைக்கலாம், லேசாகச் சமைக்கலாம், கூடாது. லேசான சமையல் என்றால் பல வீடுகளில் வெந்நீர், நூடுல்ஸ், முட்டை, அத்தோடு சரி. தாளிக்கலாமா, குக்கர் வைக்கலாமா என்று சொல்லிக் கேளுங்கள். குளிர்சாதனம் எத்தனை மணி நேரம், அதன் பராமரிப்புச் செலவு யாருடையது, துணி துவைக்க எந்த நாள், எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது முன்பணம் திரும்பும் நாளில் நிற்காது.

7 செப்டம்பர், பிற்பகல்

விட்டுப்போனது: ஓராண்டு வேலைக்கு ஓராண்டு அறை ஒப்பந்தம் போடாதீர்கள். ஆறு மாதம் போட்டு நீட்டுங்கள். வேலை நடுவில் முடிந்தால் பாஸ் ரத்தாகும், அதன் பிறகு பொதுவாக 30 நாள் தங்கல் அனுமதிதான். அறை ஒப்பந்தமோ மிச்ச மாதத்துக்கும் உங்களைப் பிடிக்கும். முன்கூட்டியே விலக உதவும் விதியை "டிப்ளமேட்டிக் கிளாஸ்" என்பார்கள். இரண்டாண்டு ஒப்பந்தங்களில் சாதாரணமாக இருக்கும், குறுகிய ஒப்பந்தங்களில் கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

9 செப்டம்பர்

வரி. சிங்கப்பூரில் 183 நாளோ அதற்கு மேலோ வேலை செய்தால் வசிப்பவர் விகிதம். குறைந்தால் வசிக்காதவர், சம்பளத்தில் 15 விழுக்காடு அல்லது வசிப்பவர் விகிதம், இரண்டில் எது கூடுதலோ அது. வசிப்பவருக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000க்கு 3.5. ஆண்டுக்கு 39,600. உழைப்பு வருமானக் கழிவு 1,000 போக 38,600. வரி 200, அதோடு 301, ஆக 501 வெள்ளி. இதையே 15 விழுக்காட்டில் போட்டால் 5,940. நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறதல்லவா?

9 செப்டம்பர், இரவு: திருத்தம்

மேலே போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பன்னிரண்டு மாதத்தையும் ஒரே நாட்காட்டி ஆண்டில் வைத்துவிட்டேன். உங்கள் ஒப்பந்தம் 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரை. அங்கே வரியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2025இல் மூன்று மாதச் சம்பளம் 9,900, வரி இல்லை. 2026இல் ஒன்பது மாதம் 29,700, கழிவு போக 28,700. 20,000க்கு மேல் உள்ள 8,700க்கு 2 விழுக்காடு, 174 வெள்ளி. 2025இல் நீங்கள் இருக்கப்போவது 92 நாள்தான் என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு ஆண்டைத் தொட்டுத் தொடர்ச்சியாக 183 நாள் வேலை இருந்தால் இரண்டு ஆண்டுக்கும் வசிப்பவராக எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தியப் பக்கம்தான் கவனம் தேவை. இங்கே நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளைத் தொடாமல் இருந்தால் வசிக்காதவர். ஏப்ரல் 1இலிருந்து செப்டம்பர் 28 வரை எண்ணிப் பாருங்கள், 181 நாள். 28ஆம் தேதி கிளம்பினால் ஒரு நாள் வித்தியாசத்தில் தப்பிக்கிறீர்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் அந்த நாள்களும் சேர்ந்து கணக்கு உடைந்துவிடும். திரும்பி வரும் நிதியாண்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஊரோடு வந்துவிட்டவருக்கு, அந்த நிதியாண்டில் 60 நாள் இருந்தாலே பொதுவாக வசிப்பவர் என்ற விதி பாயும், அதனால் வசிப்பவர் ஆவீர்கள். 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாங்கிய சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியை அதற்குரிய படிவம் மூலம் கழித்துக்கொள்ளலாம். அதற்கு அங்கு வரும் வரி மதிப்பீட்டுக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஒரு தணிக்கையாளரிடம் தேதிகளைக் காட்டிவிட்டுப் பயணச்சீட்டு எடுப்பது நல்லது.

13 செப்டம்பர்

இனி, நீங்கள் கேட்காத விஷயம். கேட்டதைவிட இதுதான் பெரிது. "அதே தமிழ்" என்று எழுதியிருக்கிறீர்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது அதே தமிழ் இல்லை. நாலு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழைக் கொண்ட நாடு. அரசு, பள்ளி, நாளிதழ் மூன்றும் பல காலமாக ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் கலைச்சொற்களை வளர்த்து வைத்திருக்கின்றன. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்னும் நாள்தோறும் வருகிறது. போவதற்குள் அதைத் தினமும் அரைமணி நேரம் படியுங்கள், செய்திக்காக அல்லாமல் சொல்லுக்காக.

நீங்கள் சிவப்பு மையால் "திருத்தப்" போகும் சொற்கள் சில, எல்லாம் அங்கே சரியானவை: அமைச்சகம் என்று மாற்றாதீர்கள், அது அமைச்சு. கல்வி அமைச்சு, மனிதவள அமைச்சு. டாலர் இல்லை, வெள்ளி. மெட்ரோ இல்லை, பெருவிரைவு ரயில். லிஃப்ட் மின்தூக்கி, மால் கடைத்தொகுதி, சூப்பர் மார்க்கெட் பேரங்காடி, செவிலியர் தாதி, கால்பந்து காற்பந்து, டிஜிட்டல் மின்னிலக்கம். ஒன்றாம் வகுப்பு என்று எங்கும் வராது, தொடக்கநிலை 1. ஆறாண்டு முடிந்தால் உயர்நிலை 1. ஜூனியர் காலேஜ் தொடக்கக் கல்லூரி. இதில் அவசரமாகப் படிப்பவர் தொடக்கப் பள்ளியோடு குழப்பிக்கொள்வார். பதினேழு வயது மாணவரைப் பற்றிய வரியில் "தொடக்கப் பள்ளி" என்று போய்விட்டால் பக்கமே பொருளற்றுப் போகும்.

14 செப்டம்பர்

எண்கள். லட்சமும் கோடியும் கிடையாது. ஆயிரத்துக்கு மேல் மில்லியன், பில்லியன்தான். 12 லட்சம் 1.2 மில்லியன் ஆகும். காற்புள்ளியும் இடம் மாறும்: 12,00,000 என்பது 1,200,000. தமிழ்நாட்டு எழுத்தாளரிடமிருந்து வரும் பிரதியில் இது எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் கிரெப் தேடலில் இதைப் போடுங்கள்:

[0-9],[0-9][0-9],[0-9]

இந்தியக் காற்புள்ளி விழுந்த எண்கள் மட்டும் பிடிபடும். 1,200,000 போன்றவை பிடிபடா. சொல்லாக எழுதிய "ஐந்து லட்சம்" இதில் சிக்காது, அதைத் தனியாகத் தேட வேண்டும்.

14 செப்டம்பர், இரவு

பெயர்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். லீ சியன் லூங் என்றால் அடுத்த குறிப்பில் திரு லீ. லாரன்ஸ் வோங் என்றால் ஆங்கிலப் பெயர் முன்னால் நிற்கிறது, ஆகவே திரு வோங். மலாய்ப் பெயரில் இரண்டாம் பகுதி தந்தை பெயர்: யூசோஃப் இஷாக் அடுத்த வரியில் திரு யூசோஃப் ஆவார், திரு இஷாக் ஆகமாட்டார். நம் முன்னெழுத்து வழக்கத்தில் "இ. யூசோஃப்" என்று சுருக்கிவிடக் கூடாது. "லீ குவான் யூ" என்று இங்கே எழுதுவதை அங்கே "லீ குவான் இயூ" என்று பார்ப்பீர்கள்.

ஊர்ப் பெயர்களை ஒலியை வைத்து ஊகிக்காதீர்கள். தோ பாயோ, அங் மோ கியோ, ஈசூன், தெம்பனிஸ், சுவா சூ காங், எல்லாவற்றுக்கும் நிலைபெற்ற எழுத்து உண்டு. அரசு நடத்தும் எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர் தளம் மொழிபெயர்ப்புக்கும் சொற்களுக்கும் உதவும், 2022இலிருந்து இருக்கிறது. அதற்கு மேல் உங்கள் பதிப்பகத்தின் நடைக் கையேடு. முதல் நாளே கேட்டு வாங்குங்கள். எழுதி வைத்த கையேடு இல்லையென்றால் கடைசியாக வந்த மூன்று புத்தகங்களைக் கேளுங்கள், அவைதான் கையேடு.

21 செப்டம்பர்

"நான் வைத்திருக்கும் பழைய எழுத்துருக்களை எடுத்துப் போகலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துப் போங்கள், பழைய கோப்பைத் திறந்து பார்க்க மட்டும். யூனிகோடு எனும் ஒருங்குறிக்கு முந்தைய பாமினி, டாம், டாப் குறியேற்றங்களில் புதுப் பக்கம் கட்டாதீர்கள். ஒருங்குறிதான். கணினித் தமிழில் சிங்கப்பூருக்குத் தனி வரலாறு உண்டு, 1997இல் தமிழ் இணைய மாநாடு அங்கேதான் நடந்தது.

இன்டிசைனில் ஒருங்குறித் தமிழ் உடைவதற்கு முதல் காரணம் கம்போசர், அதாவது எழுத்துகளை வரியில் கோக்கும் பகுதி. சாதாரண பாராகிராஃப் கம்போசரில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" மூன்று துண்டாகும். வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு செய்த பத்திக்கு மட்டும் மாற்றினால் அடுத்த பத்தியில் மறுபடி உடையும், ஆகவே பத்தி நடையின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியிலேயே வைத்துவிடுங்கள்.

22 செப்டம்பர்

குறியேற்றம் மாற்றிய கோப்பில் வரும் பிழைகளில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஔகாரக் குறியில் வலப்பக்கத் துண்டு பார்வைக்கு ள மாதிரியே இருக்கும். பழைய எழுத்துருவில் அந்த இடத்தில் ளகரத்தையே தட்டியிருப்பார்கள். மாற்றியதும் "கௌரவம்" உள்ளே "கெளரவம்" ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடலில் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறும், மின்னூலில் வாசிப்புக் கருவி "கெ-ள-ர-வம்" என்று படிக்கும்.

சரி, "ெள" எல்லாவற்றையும் "ௌ" என்று ஒரே அடியில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அங்கே பணத்துக்குப் பெயர் வெள்ளி. பயிற்சிப் புத்தகத்தில் கணக்குக் கேள்வி தோறும் அது வரும். ஒரு பொத்தானில் அத்தனை வெள்ளியும் "வௌ்ளி" ஆகிப் புள்ளி அந்தரத்தில் தொங்கும். வெள்ளை, தெளிவு, வெளி, கெளுத்தி எல்லாம் கூடவே போகும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ள. வெறும் ளகரமாக நின்று அடுத்த மெய் வந்தால்தான் சந்தேகம்: கெளரவம், மெளனம், வெளவால். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு: துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர, பிறகு இரண்டு விதமாகக் குறியேறும் ஸ்ரீ.

27 செப்டம்பர்

நாளை கிளம்புகிறீர்கள், சுருக்கமாக. மின்செருகி மூன்று தட்டைக்கால் கொண்டது, மின்னழுத்தம் நம்முடையதுதான். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு முன்அனுமதி வாங்காமல் பையில் வைக்காதீர்கள். அலுவலகக் குளிர்சாதனத்துக்கு ஒரு கெட்டித் துணி. சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகள் எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் கேளுங்கள்.

18 அக்டோபர்

விடுமுறை பற்றி: திங்கள் தீபாவளி, பொது விடுமுறை. பொங்கல் இல்லை. சட்டப்படி முதல் ஆண்டுக்கு 7 நாள் விடுப்பு, அதுவும் மூன்று மாதம் முடிந்த பிறகு. கல்விப் பதிப்பகத்தில் இப்போதுதான் உச்சம். பள்ளி ஜனவரித் தொடக்கத்தில் திறக்கும், புத்தகம் ஆண்டிறுதி விடுமுறையில் கடைக்கு வந்தாக வேண்டும். நவம்பர் கடைசி வரை விடுப்புக் கேட்பதில் பயனில்லை. அடுத்த நெருக்கடி ஏப்ரலில், தமிழ்மொழி விழா மாதம். வெளியீடுகள் அப்போது குவியும்.

2 நவம்பர்

பின்னட்டை விலை பற்றிய உங்கள் கேள்வி. இந்தியாவில் அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. அங்கே புத்தகத்துக்கும் வரி உண்டு, 2024 முதல் 9 விழுக்காடு. வாங்குபவருக்குக் காட்டும் விலை வரி சேர்ந்ததாக இருக்க வேண்டும். 20 வெள்ளிப் புத்தகம் கடையில் 21.80. அச்சிட்ட விலை வரியோடா, வரி நீங்கலா என்று விற்பனைப் பிரிவைக் கேட்காமல் அட்டையை முடிக்காதீர்கள்.

ஐஎஸ்பிஎன் தேசிய நூலக வாரியம் தருவது. 978க்கு அடுத்து 981 என்று வந்தால் சிங்கப்பூர் எண். புத்தகம் வெளிவந்து நான்கு வாரத்துக்குள் இரண்டு படிகள் வாரியத்துக்குப் போக வேண்டும். அச்சகத்திலிருந்து வந்த முதல் கட்டிலேயே இரண்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அட்டை முதுகு: டெமி, கிரௌன் என்று நம் ஊர் அளவுப் பெயர்களை அச்சகத்திடம் சொல்லாதீர்கள், மில்லிமீட்டர் சொல்லுங்கள். பக்க எண்ணிக்கையைப் பாதியாக்கித் தாள் தடிமனால் பெருக்கினால் முதுகு. 240 பக்கம், தாள் 0.1 மி.மீ. என்றால் 12 மி.மீ. தடிமனை அச்சகத்திடம் கேட்டே போடுங்கள். ஒரே 80 ஜிஎஸ்எம் தாளிலும் ஆலைக்கு ஆலை மாறும்.

3 நவம்பர்

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். 240 என்றது, அச்சகம் மடிக்கும் 16 பக்கக் கட்டின் மடங்காக இருந்ததால் சரியாக அமைந்தது. 246 பக்கம் வந்தால் ஆறு பக்கத்தைக் குறைப்பதா, பத்து பக்கத்தைக் கூட்டுவதா என்பதை மெய்ப்பு நிலையிலேயே ஆசிரியரோடு முடிவு செய்யுங்கள். அட்டை போன பிறகு முடிவு செய்தால் முதுகு அளவு தவறிவிடும்.

9 நவம்பர்

கடைசி மாதத்தைப் பற்றி இப்போதே சொல்லிவைக்கிறேன், அடுத்த செப்டம்பரில் நினைவுக்கு வராது. வெளிநாட்டு ஊழியர் விலகுகிறார் என்றால் நிறுவனம் ஒரு மாதம் முன்னதாக வரித்துறைக்கு ஐஆர்21 படிவம் அனுப்பி, தர வேண்டிய பணம் முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். வரித்துறை ஒப்புதல் வந்த பின்னரே மிச்சம் கைக்கு வரும். உங்கள் வரி 174 வெள்ளிதான், ஆனாலும் செப்டம்பர்ச் சம்பளம் 3,300 முழுதும் சில காலம் நிற்கும். அந்த மாத வாடகைக்கும் பயணத்துக்கும் ஆகஸ்டுக்குள் ஒதுக்கிவிடுங்கள். அங்குள்ள வங்கிக் கணக்கை அந்தப் பணம் வந்து சேரும்வரை மூடாதீர்கள்.

அறையின் முன்பணமும் வீட்டுக்காரர் பார்வையிட்ட பிறகே திரும்பும். ஆகவே குடிபுகுந்த அன்று சுவர், மெத்தை, குளிர்சாதனம், குளியலறைத் தரை எல்லாவற்றையும் தேதி தெரியப் படம் எடுத்து அவருக்கே அனுப்பியிருக்க வேண்டும். இன்னும் அனுப்பவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள், ஆறு வாரம்தான் ஆகிறது.